தயிர் உறையாத தேசங்கள்

எங்கள் செம்பூர்க் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். வெளிநாட்டுக்குப் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம். எந்த நாட்டுக்கு என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. கிழக்கு ஆசியா, அரபு நாடுகள், தென் அமெரிக்கா என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் மார்க் போட்டு வைத்திருக்கிறாள். போன வாரம் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்கிள், நீங்க இந்த லைன்லதானே சர்வீஸ் பண்ணீங்க? அப்பல்லாம் ஊரை எப்படி சூஸ் பண்ணுவாங்க?”

“தயிர் வெச்சு,” என்றேன்.

அவள் மாடி வந்துவிட்டது. கிழவருக்கு நட்டு கழன்றுவிட்டது என்ற முகத்தோடு இறங்கிப் போனாள். அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு விளக்கம் பாக்கி வைத்திருக்கிறேன். இதுதான் அது. லிஃப்டில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

அறுபதுகளில் நான் பம்பாயில், மாட்டுங்காவில் ஒரு சின்ன ஆபீஸில் கிளார்க். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டு அறையும் ஒரு பால்கனியும். இந்தியாவிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார்களைப் பொறுக்கி வெளிதேசங்களுக்கு அனுப்புவது எங்கள் தொழில். புதிதாகச் சுதந்திரம் வாங்கிய தேசங்கள், பள்ளிக்கூடம் கட்டிவிட்டு வாத்தியார் இல்லாமல் விழித்த தேசங்கள் எல்லாம் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் கேட்டன. எத்தியோப்பியா, நைஜீரியா, கானா, சூடான், மலாய்ப் பக்கம் என்று முப்பத்து நான்கு வருஷம் உலகத்துக்கே வாத்தியார் அனுப்பியிருக்கிறேன். நான் போன தூர தேசம் புனே. ஒரு கல்யாணத்துக்காக. அதிலும் கண்டாலா மலை ஏறும்போது வாந்தி எடுத்து, கல்யாணச் சாப்பாட்டை மோர் சாதத்தோடு முடித்துக்கொண்டவன்.

வேலை கற்றுக்கொண்டதைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. பதினைந்து நாளில் எந்தப் பாரம் எத்தனை பிரதி, எந்த ஊருக்கு எந்த ஊசி, எந்த ஊசி எத்தனை நாள் முன்னால் என்று படித்துவிட்டேன். எங்கள் மேலதிகாரி விச்சு சாரைத்தான் கடைசிவரை படித்து முடிக்கவில்லை.

முழுப்பெயர் விஸ்வநாதன். பாலக்காட்டுக் குடும்பம். ஐம்பது வயது. மழையானாலும் வெயிலானாலும் கோட்டு. கோபம் வந்தால் என்னை “மிஸ்டர் ராமநாதன்” என்பார். சந்தோஷமாக இருந்தால் “டேய் ராமா”. பத்து வருஷத்தில் நான் டேய் ராமாவாக இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு கை போதும்.

அவர் நடத்துகிற இன்டர்வியூவைப் பார்க்க நான் பக்கத்து அறைக் கதவை நாலு விரற்கடை திறந்து வைத்திருப்பேன். வருகிறவர் பி.ஏ., பி.டி. பட்டங்களைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆங்கில இலக்கணத்தையே கரைத்துக் குடித்துவிட்டு வந்திருப்பார். விச்சு சார் பட்டத்தைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். மேஜைமேல் தன் குடையை வைப்பார். “நான் ஒரு கிளாஸ். முப்பது குழந்தைகள். எனக்குத் தமிழ் தெரியாது, ஹிந்தி தெரியாது, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. இது என்னன்னு சொல்லிக்கொடுங்கோ. பத்து நிமிஷம்.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் முகத்தில் மனுஷக் களையே இருக்காது. வாயைச் சற்றுத் திறந்து, கண்ணை ஜன்னல் பக்கம் வைத்து, கடைசி பெஞ்சுப் பையனாகவே மாறிவிடுவார்.

வந்தவர் “அம்ப்ரெல்லா” என்பார். விச்சு சார் பேசாமல் இருப்பார். இன்னும் உரக்க “அம்ப்ரெல்லா” என்பார். புரியாதவனுக்கு உரக்கச் சொன்னால் புரியும் என்று வாத்தியார் இனத்துக்கே ஒரு நம்பிக்கை உண்டு. மூன்றாவது தடவை கத்தும்போது கீழே சைக்கிள் கடைக்காரன் என்ன ஆச்சோ என்று பதறி “க்யா ஹுவா பாய்?” என்று கேட்பான். நாலாவது நிமிஷம் முக்கால்வாசிப் பேர் “அதான் சார், குடை” என்று தமிழில் வழுக்கி விழுவார்கள். விச்சு சார் மேஜை மணியை ஒரு தட்டு தட்டுவார். முடிந்தது.

அதில் தேறியவர்களுக்கு ஒரு தாள் கொடுப்போம். விருப்பத் தாள். எந்தப் பிரதேசத்துக்குப் போக விருப்பம் என்று அவர்களே கைப்பட எழுத வேண்டும். அந்தத் தாள் எந்த தேசத்துப் பையில் விழுகிறதோ அந்த வருஷத்துக்கு அந்த தேசம்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் விச்சு சார் பைக்கு அரக்கு வைப்பார். சனிக்கிழமை பன்னிரண்டேகால் வண்டியில் அவரே கோட்டையிலிருக்கும் பெரிய தபாலாபீஸில் கொண்டுபோய்க் கொடுப்பார். மூன்று வருஷ ஒப்பந்தம். போனபிறகு ஊர் பிடிக்கவில்லை என்று திரும்பி வர வழியில்லை.

ஆகையால் தாளை வாங்கியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எந்த ஊர் நல்ல ஊர்? விச்சு சாரின் கட்டளை: “நாம சொல்லப்படாது. நாம போனதில்லே.” அவர் சொல்லமாட்டார். நான் சொல்லாமல் இருக்கமாட்டேன். அதுதான் கோளாறு.

என்னிடம் சரக்கும் இருந்தது. போனவர்களுக்கு வருஷம் ஒருமுறை ஆபீஸிலிருந்து கேள்வித்தாள் அனுப்புவோம். வீடு எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, தட்பவெப்பம் எப்படி. இதற்கெல்லாம் நம் ஆட்கள் “பரவாயில்லை” என்று ஒற்றை வார்த்தையில் பதில் எழுதிவிட்டு, கடைசியில் ‘வேறு செய்திகள்’ என்ற இடத்தில் பின்பக்கமும் சேர்த்து நிரப்பியிருப்பார்கள். என்ன செய்தி? தயிர். பாலில் உறை ஊற்றினால் எத்தனை மணி நேரத்தில் உறைகிறது, உறையவில்லையென்றால் எந்தக் கம்பளியில் சுற்றி வைத்தார்கள். பிறகு அப்பளம். ஊரிலிருந்து கொண்டுபோன அப்பளக்கட்டு எத்தனை நாளில் நமுத்துப்போனது. நான் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் மாட்டுங்கா, செம்பூர் மனிதர்கள். பக்கத்திலேயே பெரிய ஏரி, மலை, சிங்கம் இருக்கும். அதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

எனக்கோ அந்த ஊர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தணியாத ஆசை. கிடைத்ததை வைத்துத்தானே உலகத்தைப் பார்க்க வேண்டும்? ஊருக்கு ஒரு அட்டை போட்டேன். முதல் வரி தயிர், இரண்டாவது வரி அப்பளம், மூன்றாவது தேங்காய். காலையில் ஊற்றி மத்தியானத்துக்குள் தயிர் உறைந்தால் அட்டை மூலையில் பச்சை மை. உறையவே தகராறு செய்தால் சிவப்பு மை. ‘கார்பன் பேப்பர்’ என்று எழுதிய இழுப்பறையில் விச்சு சாருக்குத் தெரியாமல் பூமி உருண்டையையே பிரித்து வைத்திருந்தேன்.

விஷயம் மார்க்கெட் முழுக்கப் பரவிவிட்டது. விச்சு சார் வெளியே போகிற நேரம் பார்த்துக் காய்கறிப் பையோடு மாமிகள் மாடி ஏறுவார்கள்.

“ஏண்டாப்பா, எங்க மாப்பிள்ளைக்கு ரெண்டு ஊரும் தரேங்கறாளாம். எது பச்சை?”

“மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை பச்சை மாமி. மூணு மணி நேரத்துல உறையறது.”

“மத்தது?”

“எத்தியோப்பியா மலைப்பக்கம். சிவப்பு. ராத்திரி ஊத்தினா மறுநாள் மத்தியானமும் பாலாவே இருக்காம்.”

“பாலாவேவா? அங்க மனுஷா இருக்காளோ?”

“இருக்கா மாமி.”

“இருப்பா. நம்ம மனுஷா இருக்க முடியுமோ?” என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். மாப்பிள்ளை கடற்கரைக்குக் கப்பல் ஏறுவார். இப்படி எத்தனை பேரின் மூன்று வருஷத்தை நான் முடிவு செய்தேன் என்று இப்போதும் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறேன்.

இந்த நிலையில்தான் தங்கபுஷ்பம் டீச்சர் வந்தார். தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கணவருக்கு அங்கேயே சின்னதாக ஒரு பாத்திரக் கடை. ஆடி மாத மழை கொட்டிக்கொண்டிருந்த நாள் அது. விச்சு சார் குடையை மேஜைமேல் வைத்து, கடைசி பெஞ்சுப் பையனாகி, ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்.

டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. குடையை எடுத்தார். பால்கனிக்குப் போய் மழையில் கையை நீட்டினார். நனைந்த கையைக் கொண்டுவந்து விச்சு சாரின் கோட்டுமேல் உதறினார். விச்சு சார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். டீச்சர் குடையை விரித்து அவர் தலைக்குமேல் பிடித்து, மெதுவாக, காதோடு சொல்வதுபோல் “அம்ப்ரெல்லா” என்றார். பிறகு குடையை மடக்கி, பால்கனியைக் காட்டி, அவர் சொல்லட்டும் என்று கையை நீட்டிக் காத்திருந்தார். விச்சு சார் எழுந்து நின்று “அம்ப்ரெல்லா, டீச்சர்” என்றார். பட்டத்தைப் பார்க்கவே இல்லை.

விருப்பத் தாளோடு இறங்கும்போது படிக்கட்டில் டீச்சர் என்னிடம் கேட்டார்: “சார், எந்த ஊரு நல்லா இருக்கும்? ரெண்டு இடம் சொல்லுதாங்க.”

மாமிகளிடமாவது தயிர், அப்பளம் என்று காரணம் சொல்வேன். அந்தச் சமயத்தில் எனக்குக் கித்தாப்பு ஏறியிருந்தது. காரணம் சொல்வது சின்ன மனுஷர்கள் வேலை என்று தோன்றியிருக்க வேண்டும். “கடற்கரை பச்சை டீச்சர், அதுதான் நல்லது. மலைப்பக்கம் சிவப்பு, யோசிக்கவே வேண்டாம்” என்றேன். படிக்கட்டிலேயே தாளை வைத்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளி சாயந்திரம் தாள் பையில் போனது. பைக்கு அரக்கு வைத்தாயிற்று.

சனிக்கிழமை காலை பார்த்தால் எங்கள் ஃபைலுக்கு டீச்சரின் போட்டோ ஒன்று குறைகிறது. வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். மழை. ரயில் பாலம் ஏறி இறங்கி, முழங்கால் தண்ணீரில் தாராவிச் சந்துகளைத் தேடி, ஒருவழியாக வீட்டைக் கண்டுபிடித்தேன்.

ஒரே அறை. சுவரெல்லாம் ஈரம் ஊறி வரைபடம் போட்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பெண் குழந்தை குனிந்து உட்கார்ந்திருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே யாரோ விசில் ஊதுவதுபோல் சத்தம். டீச்சர் சூடு பண்ணிய உப்பு மூட்டையை அதன் முதுகில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

“எம்மவ சார். ரூபி. மழ வந்தா இழுப்பு வந்துரும். மாஹிம்ல டாக்டர் சொல்லிட்டாரு, ஈரமில்லாத ஊரா, மேட்டுப்பாங்கான ஊரா கொண்டுபோயிரு, இல்லாட்டி புள்ள வளருதது கஷ்டம்னு. அதுக்குத்தான் சார் அப்ளிகேஷனே போட்டேன்.” போட்டோவை எடுத்துத் தந்தார். “அந்தப் பச்ச ஊருக்குப் போயிட்டா சரியாயிரும்லா?”

மூன்று மணி நேரத்தில் தயிர் உறைகிற ஊர். அதே அட்டையில் இரண்டாவது வரி என் கண்ணுக்குள் வந்து நின்றது: ‘அப்பளம் காலையில் பிரித்தால் சாயந்திரம் துணி.’ நான் அந்தக் குழந்தைக்குக் கடல் தாண்டித் தேடிக் கொடுத்திருந்தது இன்னொரு தாராவி மழைக்காலம். அதுவும் வருஷம் முழுக்க.

போட்டோவை வாங்கிக்கொண்டு பேசாமல் இறங்கிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பிறகு சொன்னேன், “டீச்சர், அந்தப் பச்சை வேற. அது தயிர் உறையறதுக்குப் போட்டது.”

டீச்சரின் கை நின்றது. “என்னது?”

“தயிர்.”

“ஏ சார், நான் எம்புள்ள மூச்சக் கேக்கேன். நீங்க தயிரயா பாத்தீங்க?”

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டவில்லை. “பை எத்தன மணிக்குப் போவுது?” என்று மட்டும் கேட்டார். குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். அன்று முழுக்க என்னால் ஆன ஒரே உபகாரம் அதுதான்.

நாங்கள் மாடி ஏறும்போது விச்சு சார் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மணி பதினொன்றே கால். நான் இழுப்பறையை அப்படியே உருவி மேஜைமேல் வைத்தேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மாமிகளையும் சேர்த்து.

“மிஸ்டர் ராமநாதன்,” என்றார். உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் படித்தார். என் சீட்டுக் கிழிகிறது என்று நின்றுகொண்டிருந்தேன். ஆனால் ஐந்தாறு அட்டைகளுக்குப் பிறகு அவர் முகம் மாறிவிட்டது. ஏதோ சுவாரசியமான கதையைப் படிப்பவர்போல் முன்னால் சாய்ந்தார்.

“இது சூடான். ‘உறையறதுக்கு முன்னாடியே புளிச்சுடறது.’ அப்போ நல்ல சூடு. அப்பளம் ரெண்டு மாசம் மொறுமொறுன்னு இருக்கு. ஈரமே கிடையாது.” அட்டையை வலது பக்கம் வைத்தார். “இது மேற்குக் கடற்கரை. உறையறது, நமுக்கறது. நம்ம மாட்டுங்கா மாதிரியேதான். இது மலைப்பக்கம். உறையாது. குளிர். அப்பளம்?”

“ஆவணியில மட்டும் கொஞ்சம் நமுக்கும் சார். மத்தபடி மாசக்கணக்குல கெடாதாம்.”

“டாக்டர் சொன்ன ஊர் உன் இழுப்பறையிலேயே இருந்திருக்கு. நீ அதுக்கு சிவப்பு மை தடவி வெச்சிருக்காய்.”

பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். “அரக்கு வெச்ச பையை உடைக்கணும்னா நீங்க நேர்ல இருக்கணும். இருக்கேள். உடைச்சுடலாம். ஆனா ரெண்டு விஷயம் கேட்டுக்கோங்கோ. கடற்கரையில உங்களுக்கு இடம் நிச்சயம். அதை விட்டுட்டா, மலைப்பக்கத்துல கிடைக்கும்னு நான் சொல்லமாட்டேன். அங்க இடம் கொஞ்சம். இல்லேன்னு வந்துடுத்துன்னா இந்த வருஷம் எங்கேயும் கிடையாது. ரெண்டாவது, பாரத்துல குடும்பத்தார் ஆரோக்கியம் ‘நன்று’ன்னு போட்டிருக்கேள்.”

“உண்மைய எழுதினா விடமாட்டாங்கன்னு பயந்துட்டேன் சார்.”

“விடாம போனாலும் போகலாம். ஆனா மாத்தி எழுதாம நான் அனுப்பமாட்டேன். அங்க இறங்கின அன்னிக்குக் குழந்தைக்கு வந்துடுத்துன்னா, எந்த டாக்டருக்கும் முன்கூட்டித் தெரியாது பாருங்கோ.”

டீச்சர் குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டார். விசில் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. “நீங்களா இருந்தா என்ன சார் செய்வீங்க?”

“எனக்குத் தெரியாதும்மா. நான் போனதில்லே. இவனும் போனதில்லே. போனவா எழுதினது இவ்வளவுதான்,” என்று இரண்டு அட்டைகளையும் அவர் பக்கம் தள்ளினார்.

டீச்சர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். தயிர், அப்பளம், தேங்காய். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

“இந்த நமுக்குதது ஒரே மாசந்தானா?”

“அப்படித்தான் எழுதியிருக்கா.”

“எழுதினவங்க பொய் சொல்லுவாங்களா?”

“மத்ததுல சொல்லலாம்,” என்றார் விச்சு சார். “அப்பளத்துல சொல்லமாட்டா.”

டீச்சர் பேனாவை வாங்கினார். ‘நன்று’ என்பதை அடித்துவிட்டு, மகளுக்கு மழைக்காலத்தில் மூச்சிழுப்பு உண்டு என்று எழுதினார். புதிய விருப்பத் தாளில் மலைப்பக்கத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். விச்சு சார் கத்தரிக்கோலால் அரக்கை உடைத்துப் பழைய தாளை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதை நாலாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. நிச்சயமாக இருந்த ஒன்றை அவ்வளவு சீக்கிரம் கிழிக்கக் கை வரவில்லை போலிருக்கிறது.

அன்று பன்னிரண்டேகால் வண்டி போய்விட்டது; பைகள் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தன. விச்சு சார் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டி, என்னை டைப்ரைட்டர்முன் உட்காரவைத்துக் கடிதம் சொன்னார். எத்தியோப்பியக் கல்வி அதிகாரிக்கு. இந்த ஆசிரியை எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று ஒரு பத்தி. குழந்தையின் நிலை ஒரு பத்தி. மாஹிம் டாக்டர் சீட்டு இணைப்பு. மூன்றாவது பத்தியில், உங்கள் ஊர்க் காற்று இக்குழந்தைக்கு ஒத்துக்கொள்ளும் என்று எந்த ஆதாரத்தில் நம்புகிறோம் என்று விளக்க வேண்டியிருந்தது. உளுந்து மாவில் இட்டுக் காயவைக்கும் மெல்லிய வட்டத் தகடு ஒன்றைப் பற்றியும், ஈரக்காற்றில் அது படும் பாட்டைப் பற்றியும் கெட்டியான ஆங்கிலத்தில் எட்டு வரி. என் வாழ்நாளில் அடித்த கடிதங்களில் அதைத்தான் தப்பே இல்லாமல் அடித்தேன்.

பதில் வர ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். போய்விடுவார். அதற்குள் கடற்கரைக்குத் தேறியவர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். அவர்களில் மாமியின் மாப்பிள்ளையும் ஒருவர். நான் பச்சை மையைத் தொடவே இல்லை. மாமிகள் வந்தால் “சார் இழுப்பறையைப் பூட்டிட்டார்” என்று சொல்லி அனுப்பினேன். அது பொய் இல்லை. விச்சு சார் பூட்டியதோடு நிற்காமல், கேள்வித்தாளில் ஈரம், உயரம், மழை மாதம், பக்கத்து ஆஸ்பத்திரி என்று பதினொரு புதிய கேள்விகளை என்னையே சேர்க்கச் சொன்னார். பதினொன்றாவது அப்பளம்.

பதில் இரண்டே வரி. ஆசிரியையை எடுத்துக்கொள்கிறோம், இறங்கியதும் குழந்தையை எங்கள் டாக்டர் பார்ப்பார். அப்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சற்று வருத்தம்தான்.

பாத்திரக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கணவரும் கூடப் போனார். அதற்குப் பிறகு பல மாதம் ஒரு தகவலும் இல்லை. டாக்டர் பார்த்து என்ன சொன்னார், மலை உயரம் குழந்தைக்குத் தாங்கியதா, ஒன்றும் தெரியாது. தபால்காரன் வருகிற சமயத்தில் விச்சு சார் பால்கனிக்கு வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்.

வருஷக் கேள்வித்தாள் வந்தது. எல்லாக் கேள்விக்கும் டீச்சர் ஒழுங்காகப் பதில் எழுதியிருந்தார். உயரம் இவ்வளவு, மழை இத்தனை மாதம், ஆஸ்பத்திரி இத்தனை மைல். ‘வேறு செய்திகள்’ என்ற இடத்தில் தமிழில் நாலு வரி:

‘மழை மாதத்தில் இரண்டு தடவை வந்தது. தானாக அடங்கிவிட்டது. ரூபி இப்போது ஓடுகிறாள். பிறந்ததிலிருந்து ஓடாத பிள்ளை. பள்ளிக்கூடம் மேட்டின்மேல் இருக்கிறது, அவள் பின்னால் ஏறி எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. இதையெல்லாம் எழுத வேண்டுமா?’

விச்சு சார் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

“டேய் ராமா,” என்றார். “எழுத வேண்டுமான்னு கேட்டிருக்கா. பதில் போடு.”

“என்னன்னு சார்?”

“வேண்டும்னு போடு.”